பாடி ஆடிய பாலசரசுவதி

சென்னைத் துறைமுகத்தை அடுத்து ஜார்ஜ் டவுன் என்னும் பழைய நகர்ப்பகுதி உள்ளது. கடைகளும் கிடங்குகளும் நெருங்கிய அப்பகுதியின் இராமகிருஷ்ண செட்டித் தெருவில், நூறு ஆண்டுகளுக்கு முன்னர், வெள்ளிக்கிழமை மாலைதோறும் ஒரு வீட்டில் வீணை இசை எழும். வாசிப்பவர் வீணை தனம்மாள். அவருடைய வாசிப்பு மிக மென்மையானது. சிறு ஓசையும் அதனைக் கெடுத்துவிடும் என்பதால், கேட்க வந்தவர்கள் அசையாமல் அமர்ந்திருப்பர். பெரும் இசைவாணர்களும் அந்தச் சிறு கூடத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டனர்.

அந்தத் தனம்மாளின் பேத்தியாக 1918ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் பிறந்தவர் பாலசரசுவதி. தாயார் ஜெயம்மாள், தனம்மாளின் மகள், பாட்டில் வல்லவர். தந்தையார் பெயர் கோவிந்தராஜுலு. பாலசரசுவதியின் பெயருக்கு முன் நிற்கும் 'த' என்னும் எழுத்து தஞ்சாவூரைக் குறிக்கும். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவருக்குத் தஞ்சாவூர் எவ்வாறு பெயரில் வந்தது என்னும் வினா இயல்பாக எழும்.

அவருடைய முன்னோர் தஞ்சை மராட்டிய மன்னர்களின் அவையில் பாடியும் ஆடியும் வந்தவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாப்பம்மாள் முதல் அக்குடும்பத்தின் கலைவழி எண்ணப்படுகிறது. தனம்மாளின் பாட்டியாகிய காமாட்சியும் தஞ்சை அவையில் ஆடியவர். 1855ஆம் ஆண்டில் தஞ்சையின் கடைசி மன்னர் இறந்தார். வாரிசு இல்லை எனக் கூறி ஆங்கிலேயர் அரசைத் தம் வசமாக்கிக்கொண்டனர். அவையை நம்பி வாழ்ந்த பாடகரும் ஆடுநரும் நட்டுவனாரும் பிழைப்புத் தேடிப் பல ஊர்களுக்குப் பெயர்ந்தனர். பலர் சென்னைக்கு வந்து குடியேறினர். வந்தவர்கள் நிலமோ பொருளோ கொண்டுவரவில்லை. பாட்டையும் ஊர்ப் பெயரையும் கொண்டுவந்தனர். தனம்மாளின் குடும்பமும் அவ்வாறு வந்த குடும்பங்களுள் ஒன்று.

அவ்வீட்டில் எந்நேரமும் பாட்டு இருந்தது. ஆனால் ஆட்டம் நின்றுபோயிருந்தது. தனம்மாளும் அவர் மகளிரும் இசையையே மேற்கொண்டனர். அதற்குக் காரணம் உண்டு. கோயில்களிலும் அவைகளிலும் ஆடிவந்த பெண்டிர் தேவதாசியர் எனப்பட்டனர். முற்காலத்தில் அவர்களுக்கு நிலமும் மதிப்பும் இருந்தன. அரசவைகள் மறைந்து, கோயில் வருவாயும் குறைந்த பின்னர் அவர்களுள் பலர் வறுமைக்கும் சுரண்டலுக்கும் உள்ளாயினர். நகரத்துக் கற்றோர் நடனத்தையே இழிவாகக் கருதத் தொடங்கினர். சதிர் என்று அழைக்கப்பட்ட அந்த ஆட்டத்தைத் தம் வீட்டுப் பெண்கள் ஆடுவதை விரும்பாத நிலை, ஆடிவந்த குடும்பங்களுக்குள்ளேயே உண்டாயிற்று.

இந்நிலையில்தான் குழந்தை பாலசரசுவதி ஆடத் தொடங்கினாள். தெருவில் ஆடிப் பாடி இரந்துண்ணும் ஒருவர் அவ்வீட்டு வாயிலுக்கு வருவதுண்டு. அவர் ஆடுவதைக் கண்டு குழந்தையும் உடன் ஆடும். வீட்டார் நகைத்தனர், பிறகு எண்ணிப் பார்த்தனர். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலில் ஆடிவந்த கௌரி அம்மாள் அக்குடும்பத்திற்கு நெருக்கமானவர். அவருடைய ஆட்டத்தைக் கண்ட நாள் முதல் குழந்தைக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. சுற்றத்தார் எதிர்ப்புத் தெரிவித்தனர். பாட்டியார்க்கும் முதலில் தயக்கம் இருந்தது. தாயார் ஜெயம்மாள் ஒருவரே உறுதியாக நின்றார். முடிவில் பாட்டியார் இசைந்தார்.

ஆசிரியராக வாய்த்தவர் கந்தப்ப பிள்ளை. அவர் ஒரு நட்டுவனார். நட்டுவனார் என்பவர் நடனத்தைக் கற்பிப்பவர். அரங்கில் தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவரும் அவரே. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நான்கு உடன்பிறந்தோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை அவையில் இருந்தனர். இன்று நாடெங்கும் மேடைகளில் ஆடப்படும் பரதநாட்டிய நிகழ்ச்சியின் வரிசைமுறையை அமைத்தவர்கள் அவர்களே. தஞ்சை நால்வர் எனப் போற்றப்படும் அவர்களுடைய வழியில் வந்தவர் கந்தப்ப பிள்ளை.

நான்கைந்து வயதுச் சிறுமிக்கு அவர் தந்த பயிற்சி எளிதாக இருக்கவில்லை. அரைமண்டியில் நின்று ஒரே அடவைப் பன்முறை ஆட வேண்டும். அரைமண்டி என்பது முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி அமர்ந்தவாறு நிற்கும் நிலை. அடவு என்பது கால், கை, கண் ஆகியவற்றின் அசைவுகள் ஒன்றுகூடிய ஆட்டத்தின் சிற்றலகு. எழுத்துகளைக் கற்றபின் சொற்களைக் கற்பதுபோல, அடவுகளைக் கற்றபின்னரே உருப்படிகளைக் கற்க இயலும். முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என ஒவ்வோர் அடவும் மூன்று வேகங்களிலும் பிழையின்றி வரவேண்டும். கால் சற்றுத் தளர்ந்தாலும் ஆசிரியர் நிறுத்திவிடுவார். மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஆட வேண்டும். விளையாட்டுப் பருவத்தின் பெரும்பகுதி இவ்வாறே கழிந்தது.

ஆசிரியரின் கண்டிப்பு கால்களோடு முடியவில்லை. ஒரு பாட்டின் ஓர் அடியை எடுத்துக்கொண்டு, அதன் பொருளை ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாக அபிநயித்துக் காட்டுமாறு அவர் பணிப்பார். தலைவன் இன்னும் வரவில்லை என்னும் பொருள் கொண்ட ஓர் அடியை நினைத்துக்கொள்ளலாம். அதனைச் சினந்தும் சொல்லலாம். வாயிலை நோக்கிக் காத்திருந்தும் சொல்லலாம். தோழியிடம் பொய்யாக நகைத்தும் சொல்லலாம். ஒன்றும் செய்யாமல் கண்களைத் தாழ்த்தியும் சொல்லலாம். முன்னர்ச் செய்ததை மீண்டும் செய்தல் கூடாது. பின்னாளில் ஒரே அடியை நெடுநேரம் புதிது புதிதாக விரித்து, அவையோரை வியப்பில் ஆழ்த்திய ஆற்றலுக்கு இப்பயிற்சியே வேராயிற்று.

வீட்டில் மற்றொரு பள்ளி நடந்தது. தாயார் பாட்டுக் கற்பித்தார். பாட்டியார் வாசிக்கும் பதங்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தன. பதம் என்பது மிக மெதுவாகப் பாடப்பெறும் காதற் பாடல். தெலுங்கில் க்ஷேத்ரய்யர் இயற்றிய பதங்கள் அக்குடும்பத்தின் பெருஞ்செல்வம். பாட்டைக் கற்றபின் ஆட்டம் கற்றார், அல்லது ஆட்டத்தைக் கற்றபின் பாட்டுக் கற்றார் என்று பாலசரசுவதியைப் பற்றிச் சொல்வதற்கில்லை. இரண்டும் ஒன்றாகவே அவருள் வளர்ந்தன.

1925ஆம் ஆண்டில், ஏழு வயதில், காஞ்சிபுரத்து அம்மன் கோயிலில் அவர் அரங்கேறினார். அதன் பின்னரும் கல்வி நிற்கவில்லை. முதன்முதலில் தம் மனத்தைக் கவர்ந்த கௌரி அம்மாளிடமே அபிநயம் கற்றார். கௌரி அம்மாள் தாமே பாடிக்கொண்டு அபிநயம் செய்பவர். கூச்சிப்பூடி மரபில் பெரும்புலவராகிய வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரியும் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். அரங்கேற்றம் என்றால் கல்வியின் நிறைவு என்று எண்ணும் வழக்கம் இன்று பரவியுள்ளது. அக்காலத்து ஆசிரியர்கள் அவ்வாறு எண்ணவில்லை.

புகழ் விரைவில் வந்தது. 1933ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாதெமியின் ஆதரவில் அவர் ஆடினார். ஐரோப்பிய நாடுகளில் ஆடிப் புகழ்பெற்றிருந்த உதயசங்கர் அவருடைய ஆட்டத்தைக் கண்டு பெரிதும் மதித்தார். அடுத்த ஆண்டில் பாலசரசுவதி கல்கத்தாவில் ஆடினார். தென்னாட்டிற்கு வெளியே அவர் ஆடியது அதுவே முதன்முறை. அப்போது அவருக்கு வயது பதினாறு. வங்காள மக்களுக்கு இந்த ஆட்டம் புதிது; பாட்டின் மொழியும் புதிது. எனினும் அவர்கள் வரவேற்றனர். 1935ஆம் ஆண்டில் அவருடைய ஆட்டத்தைக் கண்டவர்களுள் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவன் பெயர் சத்யஜித் ராய். அவன் அதனை மறக்கவில்லை என்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தெரியவந்தது.

இத்துணை வேகமாக எழுந்த வாழ்வு அதே வேகத்தில் தாழவும் செய்தது. 1938ஆம் ஆண்டில் பாட்டியார் தனம்மாள் மறைந்தார். உதயசங்கர் இமயமலைச் சாரலில் அல்மோராவில் ஒரு கலை நிலையம் தொடங்கினார்; அங்குக் கற்பிப்பதற்குக் கந்தப்ப பிள்ளை சென்றார். சில ஆண்டுகளில் அவரும் காலமானார். நாட்டியக்காரர்க்கு நட்டுவனார் இல்லையெனில் அரங்கு இல்லை. பாலசரசுவதியின் உடல்நலமும் குன்றியது, உடல் பருத்தது. கந்தப்ப பிள்ளையின் மாணவராகிய எல்லப்ப பிள்ளை துணைநின்றும், அழைப்புகள் குறைந்துகொண்டே வந்தன.

நாட்டில் அப்போது வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் பல ஆண்டுகள் போராடினார். அவருடைய தாயாரும் அம்மரபில் பிறந்தவரே. ஆதலால் அப்பெண்டிர் பட்ட துன்பத்தை அவர் அருகிருந்து அறிந்தவர். 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் இயற்றப்பட்டது. சிறுமியர் பலர் அதனால் காக்கப்பட்டனர். அதே காலத்தில் ருக்மிணி தேவி முதலியோர் முயற்சியால், நடனமாடும் மரபில் வாராத குடும்பத்துப் பெண்களும் பரதநாட்டியம் என்னும் பெயரால் இக்கலையைக் கற்கத் தொடங்கினர். சட்டமும் நல்லது, கலை பலரிடம் பரவியதும் நல்லது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அக்கலையைக் காத்துவந்தவர்கள் மட்டும் மேடையிலிருந்து விலக நேர்ந்தது. புதியவர்கள் ஆடியபோது கலை என்று போற்றிய அதே ஊர், பழையவர்கள் ஆடியபோது முகம் சுளித்தது. இந்த நீதியின்மையைப் பாலசரசுவதி நேரில் கண்டார்.

கருத்து வேறுபாடும் இருந்தது. பழைய பாடல்களில் தலைவியின் காதலும் ஏக்கமும் மிகுதி. இதனைச் சிருங்காரம் என்பர். நாட்டியத்தைத் தூய்மைப்படுத்த வேண்டுமெனில் சிருங்காரத்தைக் குறைக்க வேண்டும் என்று ருக்மிணி தேவி போன்றோர் கருதினர். பாலசரசுவதி இதனை ஏற்கவில்லை. சிருங்காரமே உணர்ச்சிகளுக்கெல்லாம் தலையாயது, உயிர் இறைவனை நாடும் வேட்கையையே அது காட்டுகிறது, தூய்மையானதை மறுபடியும் தூய்மைப்படுத்தத் தேவை இல்லை என்பது அவர் நிலைப்பாடு. நாயன்மார் பாடல்களையும் ஆழ்வார் பாசுரங்களையும் அறிந்தவர்களுக்கு அவர் கூற்று புதிதாகத் தோன்றாது. இருவருமே கலையின்மேல் கொண்ட அன்பினால்தான் வேறுபட்டனர்.

ஆட வாய்ப்பில்லாத அந்நாள்களில் நிகழ்ந்ததாக அவர் வரலாற்றில் ஒரு செய்தி கூறப்படுகிறது. முருகப்பெருமான்பால் அவருக்குப் பேரன்பு உண்டு. திருத்தணிகைக் கோயிலில் ஒருமுறையேனும் ஆட வேண்டும் என்று விரும்பினார். கோயில்களில் நடனம் நின்றுபோயிருந்த காலம் அது. அர்ச்சகரை மன்றாடி வேண்டி, மக்கள் நடமாட்டம் இல்லாத பொழுதில், இறைவன் முன்னிலையில் அவர் தனியே ஆடினார். காண்பாரும் இல்லை, கைதட்டுவாரும் இல்லை.

அவரை மீண்டும் மேடைக்கு அழைத்துவந்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் வே. இராகவன். வடமொழிப் பேரறிஞரான அவர், மியூசிக் அகாதெமியின் செயலாளராக விளங்கியவர். பாலசரசுவதியின் கலை அவரோடு முடிந்துவிடக் கூடாது என்று அவர் கருதினார். 1950களின் தொடக்கத்தில், அகாதெமியின் துணையோடு பாலசரசுவதி ஒரு நடனப் பள்ளியைத் தொடங்கினார். கந்தப்ப பிள்ளையின் மைந்தர் கணேசன் அவருக்கு நட்டுவனாராக அமைந்தார். இராகவனும் பாலசரசுவதியும் இணைந்து பரதநாட்டியம் பற்றித் தமிழில் எழுதிய நூல் 1959ஆம் ஆண்டில் வெளிவந்தது.

கற்பித்தல் அவருக்கு ஆடுவதினும் அரிய பணியாக இருந்திருக்க வேண்டும். அவர் கற்ற கலை, தாயிடமிருந்து மகளுக்கும் பாட்டியிடமிருந்து பேத்திக்கும் வீட்டிற்குள்ளேயே கைமாறி வந்தது. தொட்டிலில் கிடக்கும்போதே பாட்டைக் கேட்ட குழந்தை, பின்னர் அதனை ஆடியது. இப்போதோ, பாட்டும் தாளமும் ஒலிக்காத வீடுகளிலிருந்து, பள்ளிக்கூடம் முடிந்த பின்னர், புத்தகப் பையோடு மாணவியர் வந்தனர். வீடு முழுவதும் சேர்ந்து தமக்குக் கற்பித்ததை, அவர் ஒருவராக நின்று ஒரு மணி நேரத்தில் கற்பிக்க வேண்டியிருந்தது.

அவர் மேற்கொண்ட வழி எளியது. ஆனால் பொறுமையை வேண்டுவது. முத்திரைகளைக் காட்டி, இவ்வடிக்கு இதுவே முத்திரை என்று மனப்பாடம் செய்விப்பது போதாது என்பது அவர் கொள்கை. முதலில் பாட்டு உள்ளே செல்ல வேண்டும். இராகம் எங்கே நிற்கிறது, எங்கே இழைகிறது, எங்கே மேலெழுகிறது என்பதைக் காது உணர வேண்டும். குரல் உயரும்போது கண்ணும், குரல் தேயும்போது விரலும் தாமே அதனோடு செல்ல வேண்டும். அவர் தரையில் அமர்ந்து பாடிக்கொண்டே முகத்தாலும் கைகளாலும் பொருளைக் காட்டுவார். எழுந்து நிற்காமலே அங்கு ஒரு நாடகம் முழுமையாக நடந்துவிடும். மேடையில் ஆடும்போதும் அவர் பாடினார். அவருடைய தாயார் ஜெயம்மாள் முன்னாளில் அவருக்காகப் பின்னிருந்து பாடுவார். மகளும் ஆடியவாறே உடன் பாடுவார். ஆடும் கால்களுக்கும் பாடும் மூச்சுக்கும் இடையே சிறிதும் பிணக்கு ஏற்படாமல் இருந்ததைக் கண்டு இசைவாணர்களும் வியந்தனர்.

நாட்டிய நிகழ்ச்சியின் வரிசைமுறையை அவர் விளக்கிய விதம் இன்றும் ஆசிரியர்களால் எடுத்துக் கூறப்படுகிறது. 1975ஆம் ஆண்டில் சென்னைத் தமிழ் இசைச் சங்கத்தின் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியபோது அதனைக் கூறினார். நிகழ்ச்சி முழுவதையும் அவர் ஒரு கோயிலாகக் கண்டார். முதலில் வரும் அலாரிப்பு கோபுர வாயில். அடுத்து வரும் ஜதிசுரம் அர்த்த மண்டபம், சப்தம் பெருமண்டபம். வர்ணத்தில் ஆடுபவர் இறைவன் உறையும் திருச்சுற்றினுள் நுழைகிறார். அங்கு ஆட்டமும் பாட்டும் தாளமும் நிறைந்து பெருகும். பின்னர் வருவது பதம், அதுவே கருவறை. விளக்குகள் தணிந்து, முழவொலி அடங்கி, இறைவனுக்கு மிக அருகில் நிற்கும் அமைதி அது. இறுதியில் தில்லானா கர்ப்பூர ஒளிபோல் ஆரவாரத்தோடு எழும். கோபுரத்தை விட்டுவிட்டுக் கருவறைக்குள் குதிக்க இயலாததுபோல், இவ்வரிசையைத் தன் விருப்பப்படி மாற்றுவதும் இயலாது என்பது அவர் துணிபு. காலில் விரைவும் தாளத்தில் வேடிக்கையும் காட்டும் பகுதியையே நிகழ்ச்சியின் உச்சம் என்று கருதும் பார்வையாளர் பலர். அவரோ, ஏறத்தாழ அசைவே இல்லாத பதத்தை உச்சமாகக் கருதினார்.

1955ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதெமி விருதும், 1957ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும் அவரை அடைந்தன. 1961ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் டோக்கியோ நகரில் கிழக்கு, மேற்கு நாடுகளின் இசைக்கலைஞர்கள் கூடிய மாநாட்டில் ஆடினார். அடுத்த ஆண்டில் அமெரிக்கா சென்றார். அங்கு ஜேக்கப்ஸ் பில்லோ என்னும் புகழ்பெற்ற நடன விழாவில் ஆடினார். கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1963ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ விழாவிலும் ஆடினார்.

அப்போது அவர் நாற்பது வயதைக் கடந்தவர். மெல்லிய உடலினர் அல்லர். ஒப்பனையிலும் மேடை அலங்காரத்திலும் நாட்டம் இல்லாதவர். பாடல்கள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இருந்தன. அவற்றின் பொருள் அறியாத அயல்நாட்டினர் அவர் முகத்தை நோக்கி அமைதியாக அமர்ந்திருந்தனர். முன்னொரு நாள் வங்காளத்தில் நிகழ்ந்ததே கடல் கடந்தும் நிகழ்ந்தது.

இளைய உடன்பிறந்தோர் இருவரும் இக்கலைப் பயணத்தில் உடன்வந்தனர். ரங்கநாதன் மிருதங்கம் வாசிப்பவர். விசுவநாதன் புல்லாங்குழல் கலைஞர். இருவரும் அமெரிக்காவிலேயே பல்லாண்டுகள் தங்கி, பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தென்னிந்திய இசையைக் கற்பித்தனர். தனம்மாளின் கூடத்தில் ஒலித்த பதங்கள், பனி பெய்யும் ஓர் ஊரின் வகுப்பறையில் அமெரிக்க இளைஞர்களின் நாவில் ஒலித்தன. உச்சரிப்பு சற்றுப் பிறழ்ந்திருக்கலாம். ஆனால் பாடமுறை மாறவில்லை. அங்கும் பாட்டே முதலில் கற்பிக்கப்பட்டது.

1973ஆம் ஆண்டில் மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதினை அளித்தது. இது இசைவாணர்களுக்கு வழங்கப்பெறும் விருது. நாட்டியக் கலைஞர் ஒருவர் இதனைப் பெற்றது அதுவே முதன்முறை. நாட்டியம் இசையின் கண்ணுக்குத் தெரியும் வடிவமே என்று வாழ்நாள் முழுவதும் கருதியவருக்கு, ஏனைய விருதுகளினும் இவ்விருது பொருத்தமாக அமைந்தது. 1977ஆம் ஆண்டில் பத்மவிபூஷண் விருதும் கிடைத்தது.

கல்கத்தாவில் அவரைக் கண்ட சிறுவன் இதற்குள் உலகறிந்த திரைப்பட இயக்குநராகியிருந்தார். பாலசரசுவதியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்பது சத்யஜித் ராயின் நெடுநாள் விருப்பம். பல ஆண்டுகள் தள்ளிப்போய், 1976ஆம் ஆண்டில்தான் அது நிறைவேறியது. அரை மணி நேரத்திற்குச் சற்றே மிகுந்த அப்படத்தின் பெயர் 'பாலா'. அதில் அவர் கடற்கரையில் நின்று, கண்ணனை விரைந்து வருமாறு தாய் அழைக்கும் 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' என்னும் கன்னடப் பாடலுக்கு அபிநயம் செய்கிறார். காற்று வீசுகிறது, கூந்தலும் சேலையும் அலைகின்றன, பின்னால் அலைகள் புரள்கின்றன. ஐம்பத்தெட்டு வயது நிரம்பும் ஒருவர், எதிரில் இல்லாத குழந்தையைக் கைநீட்டி அழைக்கிறார். காண்பவர் கண்கள் அக்குழந்தையைத் தேடுகின்றன. அவருடைய இளமைக் கால ஆட்டம் படமாக்கப்படாமற் போனது இழப்பே. ஆயினும் அவரை நேரில் காணும் பேறு பெறாதவர்களுக்கு இப்படம் கிடைத்தது.

1943ஆம் ஆண்டில் பிறந்த அவர் மகள் இலட்சுமி, பிற மாணவியரைப் போன்றே தாயாரிடம் பயின்று மேடை ஏறினார். அரங்கில் மகள் ஆடும்போது தாயார் அமர்ந்து பாடுவதுண்டு. ஜெயம்மாள் பாலசரசுவதிக்காகப் பாடிய அதே பதங்களை, இப்போது பாலசரசுவதி இலட்சுமிக்காகப் பாடினார்.

1984ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் பாலசரசுவதி சென்னையில் காலமானார். இலட்சுமி 2001ஆம் ஆண்டில் தாம் மறையும் வரை, இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அப்பதங்களைப் பாடியும் ஆடியும் மாணவர்க்குக் கற்பித்தும் வந்தார்.